பின்பனிக்கால ஆற்றுப் படம்: பனி ஏன் சாம்பலாக வருகிறது?

கேள்வி:
மூன்று வாரமாக விடியலில் ஒரே ஆற்றங்கரையில் நிற்கிறேன். நீரிலிருந்து ஆவி எழும், நாணல் நுனியில் பொன்வெயில் விழும். கண்ணுக்கு அவ்வளவு அழகு. படத்திலோ பனி அழுக்குச் சாம்பலாக இருக்கிறது, பொன்னிறத்தையும் காணோம். லென்ஸ் திறப்பு எஃப்/11, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100, மற்றதெல்லாம் ஆட்டோ. எங்கே தவறுகிறேன்?

பதில் 1:
பனி நிறைந்த வெளிர் காட்சியை கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் நடுத்தரச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, +1 வரை கூட்டுங்கள். ஹிஸ்டோகிராம் (படத்தின் இருளும் வெளிச்சமும் எப்படிப் பரவியுள்ளன என்று காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:
அப்புறம் ஒயிட் பேலன்ஸ், படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் அமைப்பு. ஆட்டோ வெயிலின் மஞ்சளைக் குறையென்று எண்ணித் திருத்திவிடும். அதை 5500 கெல்வினில், அதாவது பகல் வெளிச்ச அளவில், நிறுத்துங்கள். நிழல்கள் நீலமாக வரும். வரட்டும், அவற்றின் மேல் விழுவது வானத்தின் ஒளிதானே. அந்த நீலம் பக்கத்தில் இருந்தால்தான் பொன்னிறம் எடுபடும். இந்தப் பருவத்து ஒளியை நான் விரும்புவதே அதற்காகத்தான். போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டி) மாட்டினால் மட்டும் கவனம், நீரிலுள்ள பிரதிபலிப்பையும் அது மங்கச்செய்யும்.

கேள்வி கேட்டவர்:
இன்று காலை இரண்டையும் செய்தேன். +0.7 போதுமாக இருந்தது. ஆவி வெள்ளையாகவே வந்திருக்கிறது, நாணலில் பொன்னிறமும் இருக்கிறது! சூரியன் எழுந்த இருபது நிமிடத்தில் ஆவி கலைந்துவிட்டது. நாளை இன்னும் முன்னதாகப் போகிறேன்.