குளத்தடியில கூடாரம்: இரணைமடுவோ முத்தையன்கட்டோ?

கேள்வி:
ஆகஸ்ட் லீவுக்கு நாங்களும் சிநேகிதர் ரெண்டு குடும்பமும் சேந்து வன்னியில ஒரு ராத்திரி கூடாரம் அடிச்சுத் தங்கி, பகல்ல குளத்தில குளிச்சு அங்கயே சமைச்சுச் சாப்பிடுவம் எண்டு யோசிக்கிறம், சின்னப் பிள்ளையளும் வருவினம். எந்தக் குளம் நல்லம்?

குளத்தடியான்:
இரணைமடு கிளிநொச்சிக்குக் கிட்ட, ஆனா சனம் கூட. முத்தையன்கட்டு ஒட்டுசுட்டான் பக்கம், மாங்குளம் முல்லைத்தீவு ரோட்டால போகேக்க தான்தோன்றீஸ்வரரையும் கும்பிட்டிட்டுப் போகலாம். ஆகஸ்டில சிறுபோக நெல்லுக்குத் தண்ணி விட்டு குளம் இறங்கியிருக்கும், கரையெல்லாம் சேறு, பிள்ளையளுக்குக் கால் புதையும். தண்ணி திறந்து விடுற துருசுப் பக்கம் மட்டும் இறங்க விடாதேங்கோ, இழுக்கும்.

மல்லாவிப் பெட்டை:
முதலையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே?? கன குளங்களில இருக்கு, பொழுதுபட்டா தண்ணிக்க காலே வைக்கக்கூடாது. யானையும் தண்ணி குடிக்க வரும், அதால கரையில கூடாரம் அடிக்கிறது விசர் வேலை, ஆரும் தெரிஞ்ச ஆக்களின்ர வளவுக்க அடியுங்கோ. விறகு பொறுக்கப் போறதெண்டா மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருக்கோ எண்டு பாத்து நடவுங்கோ, மிதிவெடி இன்னும் முழுக்க எடுத்து முடியேல்ல.

கேட்டவர்:
ஐயோ, மனிசி இதை வாசிச்சா வெளிக்கிடவே மாட்டா 😂 சரி அக்கா, வளவுக்கயே அடிக்கிறம். மீன் அங்க வாங்கலாமோ?

குளத்தடியான்:
ஓம், விடிய வள்ளம் கரைக்கு வரேக்க போனா திலாப்பியா துடிக்கத் துடிக்க வாங்கலாம், விரால் கிடைச்சா விடாதேங்கோ. தூளும் தேசிக்காயும் வீட்டில இருந்து கொண்டு போங்கோ.