மறு: ‘குளோஸ்டு பேக்’ ஹெட்ஃபோனுக்குத் தமிழ்ச்சொல்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ‘குளோஸ்டு பேக்’, அதாவது பின்பக்கம் மூடிய ஹெட்ஃபோனைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்வியைக் கிளப்பியவனே நான்தான் என்பதால், நடுவில் புகுந்து யாரையும் மறிக்க வேண்டாம் என்று பேசாமல் இருந்தேன். நேற்று வந்த பரிந்துரைக்குப் பிறகு முடியவில்லை.

> ‘மூடிய பின் ஹெட்ஃபோன்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் வாய்விட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். “மூடிய பின் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ளவும்.” எதை மூடிய பின்? கதவையா, கண்ணையா? சேர்த்து எழுதினால் இன்னும் மோசம். ‘மூடியபின்’ காலத்தைத்தான் காட்டும், இடத்தைக் காட்டாது. போதாக்குறைக்கு, கம்பியின் நுனியில் செருகும் உலோக முனையையும் நாம் ‘பின்’ என்றுதான் சொல்கிறோம். ஒரே சொற்றொடருக்குள் மூன்று பின்கள் வேண்டாம்.

அடிச்சொல்லைப் பற்றி இரண்டே வரி. ‘தலையணி’ எனக்கு ஒத்துவரவில்லை. வேகமாகப் படிக்கும் கண் அதைத் தலையணை என்று படித்துவிடுகிறது. ‘செவிப்பேசி’யில் யாரும் பேசுவதில்லை. ‘கேட்பொறி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஊறுகாய், சுடுநீர் போல வினைத்தொகையாக இயல்பாக உட்காருகிறது. இந்த மடலில் அதையே வைத்துக்கொள்கிறேன். ஹெட்ஃபோன் என்றே எழுத விரும்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை இதோடுதான்:

> ‘ஒலித்தடுப்புக் கேட்பொறி’ என்றால் அலுவலகத்தில் பயன்படுத்துகிறவருக்கு உடனே புரியும்.

உடனே புரியும், ஆனால் தவறாகப் புரியும். நான் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பது வேலையிடத்தில் இசை கேட்பதற்கான கேட்பொறியைத் தேர்ந்தெடுப்பது பற்றிய கட்டுரை. அதில் இரண்டு வேறு பொருட்கள் அடுத்தடுத்த பத்தியில் வருகின்றன. ஒன்று, ஒலிவாங்கி வைத்து வெளி இரைச்சலைக் கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கி இரைச்சலைக் கரைக்கும் மின்னணு வித்தை. அதற்கு மின்கலம் வேண்டும். குளிர்சாதனத்தின் உறுமல், விமானத்தின் இரைச்சல் போன்ற தாழ்ந்த சுருதி ஒலிகளில்தான் அதன் திறமை முழுதாகத் தெரியும். மற்றொன்று, வெறும் சுவர். பிளாஸ்டிக்கும் மெத்தையும் சேர்ந்து காதைச் சுற்றி எழுப்பும் சுவர். அதற்கு மின்சாரம் வேண்டாம். விசைப்பலகைச் சத்தம், கரண்டி விழும் சத்தம் போன்ற உயர்ந்த சுருதிகளை அது நன்றாகவே தடுக்கும், உறுமலிடம் தோற்றுவிடும். இரண்டுக்கும் ‘ஒலித்தடுப்பு’ என்று பெயர் வைத்தால், மின்கலம் போடும் இடத்தைத் தேடிக்கொண்டு யாராவது சுவரைத் தட்டிக்கொண்டிருப்பார்.

சொல் விளைவைச் சொல்லக் கூடாது, கட்டுமானத்தைச் சொல்ல வேண்டும். நான் இங்கே வலியுறுத்த விரும்புவது இந்த ஒன்றைத்தான். இந்தப் பொருளின் கட்டுமானம் என்ன என்பதை ஒருமுறை பார்த்துவிடலாம்.

கேட்பொறிக்குள் இருப்பது ஒரு மெல்லிய சவ்வு. அது முன்னும் பின்னும் அதிர்கிறது. முன்பக்கம் எழும் அலை நம் காதுக்கு வருகிறது. சவ்வு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது அல்லவா? ஆகவே அதன் முதுகிலிருந்தும் அதே அளவு ஒலி எழுகிறது, தலைகீழாக. அந்த முதுகொலியை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. கம்பிவலை வைத்து வெளியே விட்டுவிடலாம். அல்லது கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல் மூடி உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். வெளியே விட்டால் இசை நாலு பக்கமும் காற்றோட்டமாக, அறையில் கேட்பதுபோல் விரியும்; ஆனால் அறையும் அப்படியே உள்ளே வரும். மூடினால் தனிமை கிடைக்கும். ஆனால் உள்ளே சிக்கிய ஒலி சுவரில் மோதித் திரும்பும். கிண்ணத்தைச் சரியாக வடிவமைத்துப் பஞ்சு வைக்காவிட்டால் குடத்துக்குள் பாடுவதுபோல் இருக்கும். குன்றின்மேலிட்ட விளக்கும் குடத்திலிட்ட விளக்கும்தான். இங்கே குடத்துக்கும் கொஞ்சம் மரியாதை உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மதிப்புரைகளில் எல்லோரும் ‘விரிவான ஒலி’ என்று புகழ்ந்த கேட்பொறியை நம்பி நானும் வாங்கினேன். அலுவலகத்தில் இரண்டு நாள் சொர்க்கம். மூன்றாம் நாள் பக்கத்து இருக்கைக்காரர் மிகவும் நாகரிகமாக, “அந்த இரண்டாவது சரணம் வரும் இடத்தில் நீங்கள் ஏன் ஒவ்வொரு முறையும் திரும்பப் பின்னால் போகிறீர்கள்?” என்று கேட்டார். கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தேன். கவிழ்த்து வைத்த சிறு வானொலிபோல் பாடிக்கொண்டிருந்தது. பெட்டியின்மேல் அது திறந்த வகை என்று எழுதித்தான் இருந்தது. ‘திறந்த’ என்றால் பாராட்டு என்று நினைத்துவிட்டேன்.

இன்னொரு சங்கதியும் உண்டு. திறந்த வகையை வைத்துக்கொண்டு அலுவலக இரைச்சலை மிஞ்ச வேண்டுமென்றால் ஒலியைக் கூட்டுவதுதான் வழி. 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது அமெரிக்கப் பணியிட நல ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் எல்லை. அதற்குமேல் 3 டெசிபல் ஏறும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகிறது. 88-க்கு நான்கு மணி நேரம், 91-க்கு இரண்டு. நாள் முழுக்கக் காதில் வைத்திருக்கிறவர் மூடிய வகையைத் தேர்ந்தெடுப்பது பக்கத்து இருக்கைக்காரருக்காக மட்டும் அல்ல.

இனி சொல்லுக்கு வருகிறேன்.

> ‘காற்றுப்புகாக் கேட்பொறி’?

சாப்பாட்டு டப்பாவுக்கு நல்ல பெயர். ஆனால் மூடிய வகையிலும் பல மாதிரிகளில் மிகச்சிறிய காற்றுத்துளை வேண்டுமென்றே வைக்கப்படுகிறது, தாழ்ந்த ஒலியைப் பதப்படுத்துவதற்காக. பெயரே பொய்யாகிவிடும்.

> ‘புறமூடிக் கேட்பொறி’

இது எனக்குப் பிடித்திருந்தது. புறம் என்றால் முதுகு என்ற பொருள் தமிழில் உயிரோடு இருக்கிறது. புறங்கை என்கிறோம், புறங்காட்டி ஓடினான் என்கிறோம், ஆள் இல்லாதபோது புறங்கூறுகிறோம். ஆனால் ‘மூடி’ வந்து கெடுக்கிறது. ‘புறமூடி’ என்றதும் வெளியே போடும் மூடி, கழற்றி மாட்டும் உறை என்றுதான் தோன்றுகிறது.

ஆகவே என் பரிந்துரை: ‘மூடுகூடு’. காதைச் சுற்றி அமர்வதைக் கூடு என்போம். மூடிய கூடு, மூடுகூடு. அதற்கு எதிராக ‘வலைக்கூடு’. இரண்டும் கட்டுமானத்தைச் சொல்கின்றன, விளைவைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. பெயெர்டைனமிக் நிறுவனத்தின் டிடி 770 மூடிய வகை, டிடி 990 திறந்த வகை, டிடி 880 பாதி திறந்த வகை. ஒரே குடும்பத்தில் மூவர். நம் சொற்கள் இந்த மூவரையும் பிரித்துக் கூப்பிட உதவ வேண்டும். மூடுகூடு, வலைக்கூடு, அரைவலைக்கூடு என்று நான் கூப்பிட்டுப் பார்த்தேன். மூவரும் திரும்பிப் பார்ப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்து வேண்டும்.

* * *

தம்பிக்கு,

வெகு நீளமான மடல். ஆனால் முதுகொலி என்று எழுதினீர்களே, அந்த ஒரு சொல்லுக்காக நீளத்தை மன்னித்தேன்.

மூடுகூடு தனியாக நிற்கும்வரை அழகு. அதன்மேல் இன்னொரு சொல்லை ஏற்றிப் பார்த்தீர்களா? வீடு, வீட்டுக் கதவு ஆகிறது. காடு, காட்டு யானை ஆகிறது. உங்கள் கூடு என்ன ஆகும்? ‘மூடுகூட்டுக் கேட்பொறி’. கூட்டுக் குடும்பம், கூட்டுப் பண்ணை, கூட்டுத்தொகை எல்லாம் உள்ளே வந்துவிட்டன. நாலு பேர் சேர்ந்து ஒரே கருவியில் கேட்பார்கள் போலிருக்கிறது என்று வாசகர் நினைப்பார். கலைச்சொல்லைத் தனியாக அலங்கரித்து நிறுத்தினால் போதாது. வேற்றுமை உருபு ஏற்று, இன்னொரு பெயரோடு கைகோத்து நடக்க வைத்துப் பார்க்க வேண்டும். பாதிச் சொற்கள் அங்கேதான் இடறி விழுகின்றன.

இன்னொன்று. முதுகு, பின், புறம் என்று எல்லோரும் பின்பக்கத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். கடம் வாசிப்பவரைக் கவனியுங்கள். குடத்தின் வாயை வயிற்றோடு அணைத்தால் ஒரு நாதம், விலக்கினால் வேறொரு நாதம். அவர் குடத்தின் முதுகை மூடினேன் என்றா சொல்வார்? ஒலி வெளியேறும் வழி எதுவோ அது வாய். ஆங்கிலத்தில் ‘பேக்’ என்று இருப்பதால் தமிழிலும் முதுகைத் தேட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மேலும், ‘மூடிய’ என்ற அடைமொழியே பின்னால் வந்ததுதான். 1968-ல் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414 என்ற திறந்த கேட்பொறியைக் கொண்டுவருவதற்கு முன்பு, மூடியது என்று தனியாகச் சொல்ல வேண்டிய தேவை ஏது? கைப்பேசி வந்த பிறகுதானே தொலைபேசி ‘தரைவழித் தொலைபேசி’ ஆனது. மூத்த பிள்ளைக்கு இயல்பான பெயரும், இளைய பிள்ளைக்கு அடையாளப் பெயரும் இருந்தால் போதும்.

மூடியே இருப்பதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: சிமிழ். உள்ளங்கைக்குள் அடங்கும், வட்டமாக இருக்கும், உள்ளே இருப்பது சிந்தாது. சிமிழ்க் கேட்பொறி. எந்த உருபை ஏற்றினாலும் உருக்குலையாது. திறந்த வகைக்குச் சாளரக் கேட்பொறி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாளரத்தைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று யாராவது வருவார்கள், வரட்டும்.

* * *

ஐயா,

கூட்டுக் கேட்பொறியை நினைத்து நேற்று இரவெல்லாம் சிரித்தேன். மூடுகூட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

சிமிழை ஏற்பதற்கு முன் நீங்கள் சொன்ன சோதனையையே செய்து பார்த்தேன். கட்டுரையின் இரண்டாம் பகுதியில் கண்ணாடி அணிகிறவர்களுக்கான பத்தி ஒன்று வருகிறது. அதைப் புதிய சொற்களோடு திரும்ப எழுதினேன்:

“சிமிழ்க் கேட்பொறியின் தாழ்ந்த ஒலி, மெத்தை காதைச் சுற்றிச் சீராகப் படிவதைப் பொறுத்தது. கண்ணாடியின் காம்பு மெத்தைக்கும் தலைக்கும் நடுவே புகுந்து சிறு இடுக்கை உண்டாக்கினால், சிமிழுக்குள் நிற்க வேண்டிய அழுத்தம் அந்த வழியே கசிந்துவிடும். சந்தேகம் இருந்தால், பாட்டு ஓடும்போது இரண்டு சிமிழ்களையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் பக்கம், திடீரென்று கனத்துக் கேட்டால், உங்கள் சிமிழ் கசிகிறது என்று பொருள். மெல்லிய காம்புள்ள கண்ணாடியோ, இன்னும் மிருதுவான மெத்தையோ தேவைப்படும். துணி மெத்தை வியர்வைக்கு நல்லது. ஆனால் தோல் மெத்தை அளவுக்கு அடைக்காது.”

எழுதும்போது ஒன்று தெரிந்தது. ‘சிமிழ்’ முழுக் கருவியின் வகைப்பெயராக மட்டும் நிற்கவில்லை. காதின்மேல் அமரும் அந்தக் கிண்ணத்துக்கும் தானாகவே பெயராகிவிட்டது. ‘உங்கள் சிமிழ் கசிகிறது’ என்று நான் திட்டமிட்டு எழுதவில்லை, கை தானாக எழுதியது. ‘காதுக்கிண்ணம்’ என்று நான் முதல் பகுதியில் போட்டிருந்ததை எல்லாம் மாற்றிவிட்டேன்.

சிக்கலும் அங்கேதான். கிண்ணத்துக்குச் சிமிழ் என்று பெயர் வந்துவிட்டால், சாளரக் கேட்பொறியின் கிண்ணத்தை என்னவென்று சொல்வது? வலை போட்ட சிமிழ் சிமிழே அல்ல. அதற்கு மட்டும் என் பழைய ‘கூடு’ உதவும் என்று நினைக்கிறேன். தனியாகத்தானே நிற்கப்போகிறது, கைகோக்க யாரும் வர மாட்டார்கள். நீங்கள் அதையும் நடக்க வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பாதி திறந்த வகைக்கு ‘அரைச்சாளரம்’ என்று வைத்துப் பார்த்தேன், அது மட்டும் இன்னும் எனக்கு உறுத்துகிறது. பாதி திறந்த சன்னலைப் போலத் தோன்றுகிறது. அங்கே இருப்பதோ முழுதும் விரிந்த, ஆனால் அடர்ந்த சல்லடை. கட்டுரையில் அது ஐந்து இடங்களில் வருகிறது. ஐந்திலும் கோடிட்ட இடமாக விட்டு, மூன்றாம் பகுதியை இன்று மாலை குழுவுக்கு அனுப்புகிறேன்.