கல்திட்டையும் நாட்டுச் சரக்கும் ஒரே நாளில்: கோத்தகிரி பக்கம் இப்படி ஒரு தனி டூர், நம்பிப் போகலாமா?

வெலிங்டன்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த வாரம் அக்கா மகனும் அவன் மனைவியும் அமெரிக்காவிலிருந்து குன்னூருக்கு வருகிறார்கள், அக்காவும் சின்னவனும் திருச்சியிலிருந்து வந்து சேர்ந்துகொள்கிறார்கள். பெரியவன் போன வருடம் மெக்சிகோ போய் வந்ததிலிருந்து ஒரே புராணம்தான். வஹாக்கா என்று ஒரு ஊராம். தனிக் கார், கூடவே ஒரு வழிகாட்டி, காலையில் மீட்லா என்கிற சபோடெக் மக்களின் பழைய இடிபாடு, சாந்தே பூசாமல் சின்னச் சின்னக் கல்லாக வெட்டிப் பொருத்திக் கோலம் போட்ட மாதிரிச் சுவர்கள். மதியம் அதன் பக்கத்திலேயே மதாத்லான் என்ற ஊரில் மெஸ்கால் என்ற அந்த ஊர்ச் சாராயம் காய்ச்சும் ஒரு குடும்பத்தின் பட்டறை. ஆனைக்கற்றாழை இனத்தில் ஒன்று, அதன் இலையைச் சீவிவிட்டு நடுக்கட்டையை மட்டும் எடுத்து, மண்குழியில் சூடான கல் மேல் நாள்கணக்கில் வேகவைத்து, குதிரை இழுக்கும் கல் சக்கரத்தில் நசுக்கி, மரத்தொட்டியில் புளிக்கவிட்டு, செம்புப் பானையில் காய்ச்சி வடிப்பதை எல்லாம் காட்டிவிட்டு, கடைசியில் சின்னக் கோப்பைகளில் ருசி பார்க்கக் கொடுப்பார்களாம். "நம்ம மலையில் இல்லாத பழசா மாமா, இங்கேயும் அப்படி ஒன்று ஏற்பாடு பண்ணுங்க" என்கிறான்.

தெரிந்தவர் மூலம் ஒரு டிரைவர் கிடைத்தார். 6,500 ரூபாய், காட்டுக்குள் கல்திட்டை (பலகைக் கல்லை நிறுத்தி மேலே கல் மூடிய பழங்காலச் சின்னம்), பாறை ஓவியம், அப்புறம் ஒரு வீட்டில் "ஒரிஜினல் நாட்டுச் சரக்கு", சாயங்காலம் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவேன் என்கிறார். அனுமதிச் சீட்டு பற்றிக் கேட்டால் "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன் சார்" என்று பேச்சை மாற்றுகிறார். அந்த இடம்தான் இடிக்கிறது. யாராவது இப்படிப் போயிருக்கிறீர்களா? இல்லாவிட்டால் வேறு வழி சொல்லுங்கள்.

ட்ரூக்_நடை:

போகாதீர்கள் சார். நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான்.

தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் இரண்டுமே தடை. டாஸ்மாக் கடையில் விற்பதைத் தவிர வீட்டில் காய்ச்சியது எதுவாக இருந்தாலும், அதற்கு என்ன பாரம்பரியப் பெயர் வைத்தாலும், சட்டத்துக்கு முன்னால் கள்ளச்சாராயம்தான். காய்ச்சுகிறவன் மட்டுமில்லை, வாங்குகிறவனும் குடிக்கிறவனும் மாட்டுவார்கள். கள்ளக்குறிச்சி சம்பவத்துக்குப் பிறகு 2024இல் சட்டத்தைத் திருத்தி, உயிர்ப்பலி ஆனால் ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்துவிட்டார்கள். விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் உட்கார வேண்டுமா?

அதைவிடப் பெரிய விஷயம் மெத்தனால். 2023 மே மாதம் மரக்காணம், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் போனார்கள். மெத்தனால் கலந்ததை வாசனையிலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது. உடம்புக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறும், முதலில் அடி வாங்குவது கண் நரம்பு. உங்கள் மருமகன் பார்த்த மெஸ்கால் பட்டறையில் காய்ச்சும்போது முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் தனியாகப் பிரித்துவிடுவார்கள், பாட்டிலில் அடைத்து விற்பதை ஆய்வகத்திலும் சோதிப்பார்கள். இங்கே காட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் குடத்திலிருந்து ஊற்றிக் கொடுப்பதில் என்ன கலந்திருக்கிறது என்று அந்த டிரைவருக்கே தெரியாது.

பழைய_மேட்டுப்பாளையம்:

ரொம்பப் பயமுறுத்தாதீர்கள். அந்தக் காலத்தில் மலையில் குடிக்காத ஊரா? எல்லாம் கடையில் விற்கும் கலர் தண்ணீரைவிட நல்ல சரக்குதான். ஒரு வாய் ருசி பார்த்தால் ஒன்றும் ஆகாது.

ட்ரூக்_நடை:

அந்தக் காலத்தில் காய்ச்சினவர் தானும் அதையே குடித்தார், பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதையே கொடுத்தார். இப்போது அது வியாபாரம். போதை ஏறவேண்டும் என்று எதையாவது கலந்து விற்கிறார்கள். கள்ளக்குறிச்சியில் போனவர்களும் ருசி பார்க்கத்தான் ஆரம்பித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சோலைக்கிளி:

நான் கோத்தகிரிக்காரி, சரக்கு விஷயத்துக்குள் வரவில்லை, கல்திட்டை விஷயம் மட்டும் சொல்கிறேன். அந்த டிரைவர் சொல்வது அநேகமாக பானகுடி சோலையாக இருக்கும், இல்லை கீழ்க்கோத்தகிரி தாண்டி கரிக்கையூர் பாறை ஓவியமாக இருக்கும். பானகுடி சோலை குறும்பர் என்ற பழங்குடி மக்களின் கோவில் காடு. அங்கே இருக்கும் கல்திட்டைகளை அவர்கள் இன்றும் கும்பிடுகிறார்கள். 1870களிலேயே, இறந்தவர்களுக்காக ஆற்றில் உருண்ட கல்லைக் கொண்டுவந்து பழைய கல்திட்டைக்குள் வைக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு இடத்தில் போய் நின்று மதியத்துக்குச் சரக்கு எங்கே என்று டிரைவரிடம் பேசிக்கொண்டிருப்பதை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. உங்கள் ஊர் அம்மன் கோவில் வாசலில் யாராவது அப்படிச் செய்தால் விடுவீர்களா?

கரிக்கையூர் இன்னும் மோசம். தமிழ்நாட்டின் பெரிய பாறை ஓவிய இடங்களில் ஒன்று, மாடு, மனிதர்கள், சண்டைக் காட்சி எல்லாம் இருக்கும், ஆனால் வந்துபோன ஆட்கள் ஓவியத்தின் மேலேயே பேர் எழுதிச் சுரண்டிவைத்துவிட்டார்கள். காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் போவது குற்றம். "நான் பார்த்துக்கறேன்" என்கிற டிரைவர்களால்தான் அந்த இடத்துக்கு இந்தக் கதி.

பழசு பார்க்கவேண்டும் என்று உண்மையிலேயே ஆசை இருந்தால் ஊட்டியிலிருந்து முத்தோரை பாலாடா போங்கள், 10 கிலோமீட்டர்தான், பழங்குடியினர் ஆராய்ச்சி மையத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. திறந்திருக்கிறதா என்று போன் பண்ணிவிட்டுப் போகவும். இன்னொன்று. நம் மலையின் கல்வட்டங்களை, அதாவது கல்லை வட்டமாக அடுக்கிய பழைய கல்லறைகளைத் தோண்டி எடுத்த நல்ல பொருள்கள் எதுவும் இப்போது மலையில் இல்லை. நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் தோண்டினார், 1872இல் அவர் இறந்த பிறகு 1873இல் அவர் மனைவி அதைப் புத்தகமாக வெளியிட்டார். அவர் தோண்டியது எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது, நீலகிரியிலிருந்து போன வேறு கல்லறைப் பொருள்கள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அடுக்கடுக்காக உயர்ந்த மண் ஜாடி, அதன் மூடியில் எருமை, குதிரை என்று சின்னச் சின்ன உருவம், வெண்கலக் கிண்ணம். உங்கள் மருமகன் திரும்பிப் போக சென்னை வழியாகத்தான் போவார் என்றால் எழும்பூருக்கு அரை நாள் ஒதுக்கச் சொல்லுங்கள், காட்டுக்குள் போய்ப் பார்ப்பதைவிட அதிகம் தெரியும்.

வெலிங்டன்வாசி:

சோலைக்கிளி அக்கா, கும்பிடுகிற இடம் என்று அந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிரைவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் பையன் விடமாட்டேன் என்கிறான், சட்டப்படியே எங்காவது கிடைக்காதா என்று கேட்கிறான். ஒரே நாளில் குன்னூரிலிருந்து போய்வருகிற மாதிரி ஏதாவது?

நாடுகாணி_ஜீப்:

இருக்கிறது, ஆனால் எல்லை தாண்ட வேண்டும். வயநாடு.

முதலில் ஒன்று தெளிவாக இருக்கட்டும், அங்கேயும் காய்ச்சி வடித்த சாராயம் கிடையாது. கேரளா 1996லேயே சாராயத்தைத் தடை செய்தது, கர்நாடகா 2007இல் செய்தது. கேரளாவில் லைசென்ஸோடு விற்பது கள். மெஸ்கால் மாதிரி வேண்டும் என்று அடம் பிடித்தால் கோவாவுக்கு டிக்கெட் போடச் சொல்லுங்கள், முந்திரிப்பழ ஃபெனி அங்கேதான், 2009இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. மார்ச் முதல் மே வரை போனால் காய்ச்சுவதையே பார்க்கலாம், பக்கத்தில் பழைய கோவாவில் புனித அகஸ்டின் கோபுரத்தின் இடிபாடும் இருக்கிறது. உங்கள் மருமகன் கேட்பது அச்சு அசலாக அதுதான்.

ஒரு நாளில் முடிய வேண்டும் என்றால் இப்படிப் போங்கள். காலை 5 மணிக்குக் குன்னூரிலிருந்து கிளம்பி ஊட்டி, கூடலூர், நெலாக்கோட்டை, பாட்டவயல் செக்போஸ்ட் வழியாக சுல்தான் பத்தேரி. நேராக எடக்கல் போய்விடுங்கள், தினம் இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்து விடுகிறார்கள், தாமதமானால் திரும்பி வரவேண்டியதுதான். குகை என்று பேர், உண்மையில் பெரிய பாறைகளுக்கு நடுவில் ஒரு பிளவு. 1890களில் ஃபாசெட் என்ற போலீஸ் அதிகாரி கவனித்து வெளியில் சொன்னது. சுவர் முழுக்கப் புதிய கற்கால மனிதர்கள் கீறிய உருவங்கள், தலையில் பெரிதாக ஏதோ அணிந்த மனிதன், சக்கரம் மாதிரி வடிவங்கள். அதோடு தமிழ் பிராமி எழுத்தும் இருக்கிறது, சேரர் பெயர் வருகிறது என்று படித்திருக்கிறார்கள். படி ரொம்பச் செங்குத்து, உங்கள் அக்காவுக்கு முட்டி வலி இருந்தால் அவர் அம்பலவயல் பாரம்பரிய அருங்காட்சியகத்தில் இருக்கட்டும், அங்கே நடுகற்கள் நன்றாக இருக்கும், ஏறவும் வேண்டாம்.

அப்புறம் பத்தேரி டவுனிலேயே ஜைனக் கோவில். தொல்லியல் துறை பராமரிப்பு, முழுக்கக் கருங்கல், கூட்டமே இருக்காது. திப்பு அதைப் பீரங்கிக் குண்டு வைக்கும் கிடங்காக வைத்திருந்தார். உங்கள் குன்னூர் ட்ரூக் கோட்டையும் அவர் கையில் இருந்ததுதான், அதையும் இதையும் சேர்த்துப் பையனுக்குக் கதை சொல்லலாம்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கள்ளு ஷாப். குடும்பத்தோடு உட்கார அறை இருக்கிற இடமாகக் கேட்டுப் போங்கள், கப்பையும் மீன்கறியும் வாங்குங்கள், சொல்லப்போனால் கள்ளைவிட அதுதான் எனக்குப் பிடிக்கும். காலையில் இறக்கிய கள் இனிப்பாக, நுரையோடு இருக்கும், நேரம் ஆக ஆகப் புளித்துப் போதை ஏறும், மறுநாள் காடிதான். வயநாட்டில் தென்னங்கள் பெரும்பாலும் பாலக்காடு சித்தூர் பக்கத்திலிருந்து வண்டியில் வருவது, அதனால் "எங்கள் மரத்துக் கள்" என்று சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். மரம் ஏறி இறக்குவதையே பார்க்கவேண்டும் என்றால் பாலக்காடு போவதுதான் சரி.

கேரளாவில் குடிக்க 23 வயது ஆகியிருக்க வேண்டும், நம் ஊர் மாதிரி 21 இல்லை. பாட்டிலில் ஊற்றிக்கொண்டு எல்லை தாண்டாதீர்கள், பாட்டவயலில் சோதனை உண்டு. டாக்ஸி என்றால் கேரளா பர்மிட் வரி முதலிலேயே கட்டியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது கூடலூர் பக்கம் யானை நடமாட்டம் இருக்கும், இருட்டுவதற்குள் தாண்டிவிடுங்கள்.

வெலிங்டன்வாசி:

ரொம்ப நன்றி. சின்னவனுக்கு 22, அவன் கப்பையோடு நிறுத்திக்கொள்ளட்டும், அக்காவுக்கு அதில் ரொம்ப நிம்மதி. என் வண்டி டிஎன் 43, நீலகிரிப் பதிவு, அதனால் திரும்பி மாவட்டத்துக்குள் வர இ-பாஸ் தேவைப்படாது என்று நினைக்கிறேன். வருகிற திங்கள்கிழமை கிளம்பலாம் என்று இருக்கிறோம்.

சோலைக்கிளி:

டிஎன் 43க்கு வேண்டாம். திருச்சியிலிருந்து அவர்கள் சொந்தக் காரில் வந்தால் அதற்குக் கட்டாயம் எடுத்துவிடுங்கள், 2024 மே மாதத்திலிருந்தே இருக்கிறது, 2025 சீசனில் தினசரி வண்டிகளுக்கும் உச்சவரம்பு வைத்தார்கள்.

நாடுகாணி_ஜீப்:

திங்கள் வேண்டாம் சார், அன்றைக்கு எடக்கல் மூடியிருக்கும். செவ்வாய் போங்கள்.