ப்ராசஸர் மாற்றியதும் ஒரு ராம் ஸ்லாட் வேலை செய்யவில்லை

லெனோவோ திங்க்பேட் டி430 லேப்டாப், 2012 மாடல். தங்கையின் காலேஜுக்காக இரண்டு மாதமாக ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்கிறேன். மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரை உடைந்த இன்னொரு டி430 கிடைத்தது (ப்ராசஸரைக் கடைக்காரர் முன்பே உருவிவிட்டார்). அதிலிருந்து கீபோர்டு, ஃபேன், கீல் எல்லாம் மாற்றினேன். நன்றாகவே ஓடியது.

சும்மா இருந்திருக்கலாம். போன ஞாயிறு ஐ5-3320எம்மைக் கழற்றிவிட்டு, வேறு இடத்தில் வாங்கிய ஐ7-3632க்யூஎம் போட்டேன். இரண்டும் 35 வாட்தான், ஆனால் இதில் நான்கு கோர். லினக்ஸ் மின்ட் (ஆபரேட்டிங் சிஸ்டம்) வேகமாக ஓடுகிறது, சூடும் இல்லை. ஆனால் 4+4 ஜிபியில் 4 மட்டுமே தெரிகிறது. ஒரு ஸ்லாட்டில் எந்த ராம் போட்டாலும் கண்டுகொள்வதில்லை.

ராமை இடம் மாற்றி, ரப்பரால் துடைத்துப் பார்த்தாயிற்று. சீமாஸ் பேட்டரியை (பயாஸ் செட்டிங்ஸை நினைவில் வைக்கும் சின்ன பேட்டரி) கழற்றி மாட்டினேன். ப்ராசஸர் மேல் அழுத்தம் அதிகமோ என்று ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) ஸ்க்ரூவைத் தளர்த்தியும் பார்த்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்ததில் ஐ7-இன் பின்கள் நேராகத்தான் இருக்கின்றன. பழைய ஐ5-ஐத் திரும்பப் போடலாமென்றால், வளைந்த பின் ஒன்றை நிமிர்த்தப்போய் ஒடித்துவிட்டேன்!

ராமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர் ப்ராசஸருக்குள்ளேயே இருப்பதால் அதன் மேல்தான் எனக்குச் சந்தேகம். இன்னொரு ப்ராசஸர் வாங்கிச் சோதிப்பதா, நேராக மதர்போர்டையே மாற்றிவிடுவதா?