ட்வின் டெக்: நாலாவது டர்னில் காம்போ போட்டால் உடைகிறது, எங்கே சரிசெய்வது?

நீலச்சிவப்பு:
மேஜிக் (Magic: The Gathering) கார்டு ஆட்டத்தில் மாடர்ன் ஃபார்மட்டுக்கு ட்வின் டெக் கட்டியிருக்கிறேன். எக்ஸார்க் அல்லது பெஸ்டர்மைட் மீது ஸ்ப்ளின்டர் ட்வின் போட்டால், அதை டேப் செய்து (பக்கவாட்டில் திருப்பி) அதன் நகல் ஒன்றை, அதாவது டோக்கனை, இறக்கலாம். இறங்கும் நகல் மூலக் கார்டை அன்டேப் செய்யும். இப்படியே திரும்பத் திரும்ப நகல் எடுத்து அடிப்பதுதான் காம்போ. லிஸ்ட்: டிசீவர் எக்ஸார்க் 4, பெஸ்டர்மைட் 4, ஸ்ப்ளின்டர் ட்வின் 4, கிகி-ஜிகி 3, ஸ்நாப்காஸ்டர் மேஜ் 4, ப்ரீஆர்டெய்ன் 4, லைட்னிங் போல்ட் 4, கவுன்டர்ஸ்பெல் 4, ரிமாண்ட் 4, ஸ்பெல் பியர்ஸ் 2, லேண்ட் 23.

இரண்டு சிக்கல். எக்ஸார்க் வந்தால் ட்வின் வருவதில்லை, ட்வின் வந்தால் எக்ஸார்க் வருவதில்லை. இரண்டும் வந்து நாலாவது டர்னில் ட்வின் போட்டாலோ, எதிராளி கிரீச்சரைக் கொன்றுவிடுகிறார். அவருடைய ஒரு கார்டுக்கு என் இரண்டு கார்டு போய்விடுகிறது. கையில் கவுன்டர் (எதிராளி போடும் கார்டை ரத்து செய்யும் கார்டு) இருந்தும் மனா (லேண்டை டேப் செய்தால் கிடைக்கும் செலவுச் சக்தி) மிச்சமில்லை. கோளாறு லிஸ்டிலா, ஆட்டத்திலா?

கணக்குப்பிள்ளை:
இரண்டிலும் இருக்கிறது. நான் லிஸ்டை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஆடினால் நாலாவது டர்னுக்குள் 10 கார்டு பார்ப்பீர்கள். ட்வின் 4 இருந்தால், அந்தப் பத்தில் ஒன்றாவது இருக்க வாய்ப்பு சுமார் 53%. எக்ஸார்க், பெஸ்டர்மைட் சேர்த்து 8 இருந்தால் 79%. ஆனால் இரண்டு பாதியும் ஒன்றாக வர சுமார் 40% தான். ஆக, தேடும் கார்டு இல்லாமல் இந்த டெக் ஓடாது. உங்களிடம் ப்ரீஆர்டெய்ன் நாலு மட்டுமே இருக்கிறது.

கிகி-ஜிகி மூன்றையும் எடுங்கள். ஐந்து மனா, அதில் மூன்று சிவப்பு. நீலக் கவுன்டர் வைத்திருக்கும் லேண்ட் அமைப்பில் அது கையிலேயே கிடக்கும். பெஸ்டர்மைட்டில் ஒன்றைக் குறையுங்கள். அந்த நாலு இடத்திலும் சீரம் விஷன்ஸ். வரிசை முக்கியம்: சீரம் விஷன்ஸ் முதலில் கார்டு எடுத்துவிட்டு அப்புறம்தான் ஸ்க்ரை 2 (டெக்கின் மேல் இரண்டு கார்டைப் பார்த்து மேலேயோ அடியிலோ வைப்பது) பார்க்கும், அதனால் அதை முதல் டர்னில் போட்டு அடுத்த இரண்டு டிராவை ஒழுங்குபடுத்துங்கள். ப்ரீஆர்டெய்ன் ஸ்க்ரை பார்த்துவிட்டு எடுக்கும். குறிப்பிட்ட ஒரு கார்டு இப்போதே வேண்டும் என்கிற டர்னுக்கு அதை வைத்திருங்கள். பத்தாவது கார்டுவரை காத்திருந்து பிறகு தேடுவது வீண்.

லேண்ட் 23 சரி. ஃபெட்ச் (தன்னை உடைத்து டெக்கிலிருந்து வேறு லேண்டைத் தேடி எடுக்கும் லேண்ட்) 9, ஸ்டீம் வென்ட்ஸ் 3, தண்டரிங் ஃபால்ஸ் 2, ஸ்பைர்பிளஃப் கனால் 3, ஐலண்ட் 4, மவுன்டன் 2. ட்வினுக்கு இரண்டு சிவப்பு வேண்டும். முதல் மூன்று லேண்டில் இரண்டு வெறும் ஐலண்டாக இறங்கிவிட்டால், மற்ற இரண்டு லேண்டும் சிவப்பு கொடுத்தால்தான் நாலாவது டர்னில் ட்வின் போட முடியும்.

மேலடுக்கு:
கணக்குப்பிள்ளை சொன்ன மாற்றத்தைச் செய்தாலும், நாலாவது டர்னில் போட்டே தீருவேன் என்று ஆடினால் அதே கதிதான். மூன்று லேண்ட் திறந்து (டேப் செய்யாமல்) நீங்கள் சும்மா நின்றாலே எதிராளி மனா மிச்சம் வைத்தாக வேண்டும். அந்தப் பயம்தான் இந்த டெக்கின் பாதி பலம். அவர் மெதுவாகிறார், நீங்கள் ஐந்தாவது லேண்டுக்குப் போகிறீர்கள்.

கிரீச்சரை எப்போதும் எதிராளியின் டர்னில் இறக்குங்கள். ட்வின் கொடுக்கும் திறமைக்கு டேப் தேவை. உங்கள் டர்னில் இறக்கிய எக்ஸார்க் அந்த டர்னில் டேப் ஆகாது. எக்ஸார்க் இறங்கும்போதே எதிராளியின் ஒரு கார்டை டேப் செய்யும் அல்லது உங்களுடைய ஒன்றை அன்டேப் செய்யும். ஆகவே எதிராளியின் எண்ட் ஸ்டெப்பில் (டர்ன் முடியும் கட்டத்தில்) இறக்கும்போது இரண்டு வழி உண்டு.

அவரிடம் ஒரே ஒரு லேண்ட் திறந்திருந்தால் அதை டேப் செய்யுங்கள். உங்கள் டர்ன் முழுக்க அது டேப் ஆகியே இருக்கும். அதற்குப் பதிலாக அவர் அப்போதே ரிமூவல் (கிரீச்சரைக் கொல்லும் கார்டு) போட்டால், எக்ஸார்க் மட்டும்தான் போகும். ட்வின் கையில் பத்திரம். நல்ல பேரம்.

அவரிடம் லேண்ட் நிறைய இருந்தால் உங்கள் நீல லேண்டை அன்டேப் செய்யுங்கள். மூன்று லேண்டையும் செலவழித்த பிறகும் ஸ்பெல் பியர்ஸுக்கு ஒரு மனா கிடைக்கும். அந்த டிரிகர் (இறங்கியதும் தானாக நடக்கும் விளைவு) ரிசால்வ் ஆகும்வரைதான் (நடந்து முடியும்வரைதான்) நீங்கள் வெறுங்கையோடு இருக்கிறீர்கள்.

அடுத்த டர்னில் ட்வின் போடும்போது ஐந்து லேண்ட் இருந்தால் ஸ்பெல் பியர்ஸ், ஆறு இருந்தால் கவுன்டர்ஸ்பெல். நாலு லேண்டில் போடுவது எதிராளி முழுக்க டேப் ஆகியிருந்தால் மட்டும். அப்போதும் வெள்ளை டெக்கென்றால் சாலிட்யூட் (இறங்கியதும் ஒரு கிரீச்சரை எக்ஸைல் செய்யும், அதாவது ஆட்டத்திலிருந்தே நீக்கும் கார்டு) மனா இல்லாமல் இலவசமாக வரும். அது கிரீச்சர் ஸ்பெல் என்பதால் ஸ்பெல் பியர்ஸ் அதைத் தொடாது. சைட்போர்டில் (ஆட்டங்களுக்கு இடையே மாற்றிக்கொள்ள வைக்கும் கார்டுகளில்) கன்சைன் டு மெமரி 3 வையுங்கள். ஒரு நீல மனாவில் சாலிட்யூடின் டிரிகரையே கவுன்டர் செய்யும்.

நீலச்சிவப்பு:
அருமை, நன்றி. எக்ஸார்க்கா பெஸ்டர்மைட்டா என்று இரண்டும் கையில் இருந்தால் எதை இறக்குவது? கறுப்பு டெக்குக்கு எதிராக சைட்போர்டில் ஏதாவது மாற்றணுமா?

மேலடுக்கு:
காம்போவுக்கு எக்ஸார்க். 1/4 (அடிக்கும் பலம் 1, தாங்கும் பலம் 4) என்பதால் மூன்று டேமேஜ் போடும் லைட்னிங் போல்ட்டுக்குச் சாகாது. பெஸ்டர்மைட் 2/1, ஆர்கிஷ் போமாஸ்டர்ஸ் வந்து அடிக்கும் ஒரு டேமேஜே போதும். பெஸ்டர்மைட்டைப் பறந்து அடிக்கவும், எதிராளியின் அப்கீப்பில் (டர்ன் தொடக்கத்தில்) லேண்ட் டேப் செய்து ஒரு டர்ன் தள்ளிப்போடவும் பயன்படுத்துங்கள். இரண்டுமே மூன்று மனா கார்டு, ஆகவே ரிவோல்ட் (அந்த டர்னில் அவருடைய கார்டு ஒன்று மேசையை விட்டுப் போனால் கிடைக்கும் கூடுதல் வலு) இல்லாத ஃபேட்டல் புஷ் இரண்டையும் தொடாது. அவர் ஃபெட்ச்சை உடைக்காமல் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

கறுப்பு டெக்குக்கு எதிராக சீரம் விஷன்ஸ், ப்ரீஆர்டெய்ன் இரண்டையும் அவருக்கு இரண்டாவது லேண்ட் விழுவதற்குள் போடப் பாருங்கள். போமாஸ்டர்ஸ் மேசையில் இருந்தால் ஒவ்வொரு கூடுதல் டிராவுக்கும் அடி. ரிமூவல் நிறைந்த டெக் என்றால் சைட்போர்டுக்குப் பிறகு ட்வினை 2 ஆக்குங்கள், பெஸ்டர்மைட் ஒன்றும் வெளியே. ப்ளட் மூன் 2, கன்சைன் அல்லது இன்னொரு கவுன்டர் 1 உள்ளே. அவர் காம்போவுக்குப் பயந்து ரிமூவலைப் பிடித்துக்கொண்டு நிற்பார், நீங்கள் ஸ்நாப்காஸ்டரில் ஜெயிக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
ஒன்று விட்டுப்போச்சு. மேசையில் ஆடும்போது "இன்ஃபினிட்" என்று சொல்ல முடியாது, எண் சொல்லணும். ஆயிரம் டோக்கன் என்றால் போதும். மேஜிக் ஆன்லைனில் ஒவ்வொன்றையும் நீங்களே க்ளிக் செய்யணும், கடிகாரமும் ஓடும். எக்ஸார்க் டோக்கன் ஒன்றுக்கு ஒரு டேமேஜ். எதிராளியின் லைஃப், பிளாக்கர் எண்ணிக்கை இரண்டையும் கூட்டி மேலே இரண்டு மூன்று சேர்த்து நிறுத்துங்கள். டோக்கன் எல்லாம் எண்ட் ஸ்டெப்பில் எக்ஸைல் ஆகிவிடும், அதே டர்னில் அடித்தாகணும்.

முதல் தடவை டேப் செய்ததும் அவர் எக்ஸார்க்கைக் கொன்றாலும் அந்த ஒரு டோக்கன் வரும். அதன் டிரிகரை வீணாக்காமல் ஒரு லேண்டை அன்டேப் செய்துகொள்ளுங்கள்.