குடும்பக் குழு: ஹக்கா நூடுல்ஸும் கொல்கத்தாவின் சீனர்களும்

கதிர்: நாளை பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஹக்கா நூடுல்ஸும் கோபி மஞ்சூரியனும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இவையெல்லாம் போலிச் சீன உணவு என்று அலுவலக நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். பெரியப்பா, நீங்கள் கொல்கத்தாவிலேயே இருப்பவர்; என்ன நினைக்கிறீர்கள்?

பெரியப்பா: போலி என்பதை என்னால் ஏற்க முடியாது, கதிர். தலைமுறை தலைமுறையாக இங்கே வாழும் சீனக் குடும்பங்களின் கைப்பக்குவம் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோங் அச்சி என்ற சீன வணிகர், அன்றைய ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அளித்த நிலத்தில், கொல்கத்தாவுக்குத் தெற்கே பட்ஜ் பட்ஜ் அருகே சர்க்கரை ஆலை தொடங்கினார். அவர் பெயரால் அச்சிப்பூர் என்றே வழங்கும் அந்த ஊரில் உள்ள அவரது சமாதிக்கு, சீனப் புத்தாண்டை ஒட்டிக் கொல்கத்தாச் சீனர்கள் இன்றும் சென்று வழிபடுகிறார்கள். பின்னாளில் வந்த ஹக்கா என்ற சீன இனக்குழுவினர் செருப்புத் தைத்தார்கள், தோல் பதனிட்டார்கள். சாதி இந்துக்கள் தீட்டென்று ஒதுக்கிய தொழில் என்பதால் அது கொல்கத்தாவின் தாங்ரா பகுதியில் அவர்கள் கையில் நிலைத்தது.

அத்தை: தோல் பதனிட்டவர்கள் சமையல் தொழிலுக்கு எப்படி வந்தார்கள், அண்ணா?

பெரியப்பா: பிழைப்புக்கு வேறு வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன, அம்மா. 1962 இந்திய-சீனப் போரின்போது சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேரைப் பிடித்து ராஜஸ்தானில் தியோலி முகாமில் அடைத்தார்கள். சிலர் 1967 வரை அங்கேயே கிடந்தார்கள். குற்றம் ஏதும் செய்யாத குடும்பங்களுக்கு நேர்ந்த அந்தக் கொடுமையை நம் பாடப்புத்தகங்கள் பேசாதது எனக்குப் பெரிய வருத்தம். பலர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் மாசைக் காரணம் காட்டித் தோல் பட்டறைகளை வெளியேற்ற உத்தரவிட்டபின், பட்டறைகள் பல உணவகங்களாயின.

கதிர்: அப்படியென்றால் சீனாவில் ஹக்கா மக்களின் சமையலும் இதேதானா?

பெரியப்பா: இல்லை. ஹக்கா மக்கள் பல நூற்றாண்டுகளாகச் சீனாவின் வடக்கிலிருந்து தெற்கு மலைப்பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தவர்கள். உப்பிட்டு உலர்த்திய கடுகுக்கீரையோடு பன்றி இறைச்சியை வேகவைப்பது அவர்களது பழைய பண்டம், காரம் குறைவு. கொல்கத்தாவில் வங்காளிகளுக்கும் மார்வாரிகளுக்கும் பரிமாற வேண்டியிருந்ததால் பச்சை மிளகாய் சேர்ந்தது. தாங்ராவில் அடுப்பருகே நின்று பார்த்திருக்கிறேன்: எண்ணெய் புகையும்வரை சட்டியைக் காயவிட்டு, பொடியாக நறுக்கிய இஞ்சியையும் பூண்டையும் மிளகாயையும் போட்ட மறுநொடியே சோயா சாஸை ஊற்றி, கரைத்த சோளமாவை விட்டுக் குழம்பைக் கெட்டியாக்குகிறார்கள். போன இடத்தில் கிடைப்பதைத் தன் முறையில் சமைப்பது அவர்களது மரபுதான். அதைப் போலி என்பது அநியாயம்.

கதிர்: மஞ்சூரியனும் தாங்ராவில் பிறந்ததா?

பெரியப்பா: கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975இல் மும்பையில், இந்திய கிரிக்கெட் கிளப்பில் சமைத்தபோது உருவாக்கினார் என்பதே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அவர் செய்தது கோழியில். காலிஃபிளவர் பிறகு வந்தது.

அத்தை: தாங்ராவில் சீனர்கள் நடத்தும் காளி கோயில் இருக்கிறதாமே?

பெரியப்பா: இருக்கிறது. அங்கே நூடுல்ஸும் பிரசாதமாகப் படைக்கிறார்கள். கதிர், பிள்ளையோடு இங்கே வா. ஞாயிறு விடியற்காலையில் இங்குள்ள பழைய சீனர் பகுதியான டிரெட்டா பஜாருக்கு அழைத்துப் போகிறேன். அங்கே நடைபாதையிலேயே பாவ் என்னும் ஆவியில் வேகவைத்த சீன பன்னும் மீன் உருண்டை சூப்பும் சுடச்சுட விற்பார்கள், ஆனால் காலையிலேயே தீர்ந்துவிடும். விடியுமுன் கிளம்ப வேண்டும்.