புர்கதோரியோவுக்குத் தமிழில்: உத்தரிப்பு

> தாந்தேயின் இரண்டாம் காண்டத்துக்குத் 'தூய்மையகம்' என்றோ 'கழுவாயகம்' என்றோ வைக்கலாமா? 'இடைநரகம்' என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

நண்பர்களுக்கு வணக்கம்.

இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் 'தெய்வீக இன்பியல்' காவியத்தில் நரகத்துக்கு அடுத்து வரும் காண்டம் புர்கதோரியோ. மோட்சம் போகுமுன் ஆத்துமாக்கள் பாவக்கறை நீங்கும் இடம் அது. மேலே கேட்ட மூன்று பெயர்களும் வேண்டாம் என்பேன். இதற்கு நாம் புதுச்சொல் ஆக்கவே தேவையில்லை. தமிழ்க் கத்தோலிக்கர் வீடுகளில் 'உத்தரிக்கிற ஸ்தலம்' என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். என் அம்மாச்சி இரவு செபமாலை முடிந்ததும் எழுந்துவிட மாட்டார். முழங்கால் வலியோடு அப்படியே இருந்து, 'உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக' என்று இன்னொரு செபம் சொல்வார். தாத்தா போன பிறகு அந்த இடத்தில் மட்டும் குரல் தாழ்ந்துவிடும். நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றும்போதும் அவர் வாயில் வருவது அந்தச் சொல்தான்.

பழக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மற்ற சொற்களைவிட இது தாந்தேயின் கவிதைக்குப் பொருந்துகிறது.

உத்தரித்தல் என்றால் பட்டுத் தீர்ப்பது. வேர்ப்பொருளில் கடந்து கரையேறுவது. இந்த இரண்டாவது பொருளை வைத்துக்கொண்டு காண்டத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். கொடிய கடலைப் பின்னால் விட்டுவிட்டு என் அறிவின் சிறு படகு இனி நல்ல நீரில் பாய் விரிக்கிறது என்றுதான் கவிஞர் ஆரம்பிக்கிறார். அடுத்த பாடலிலேயே ஒரு தேவதூதன் துடுப்பும் பாயும் இல்லாமல், சிறகுகளையே பாயாக்கி, ஆத்துமாக்களைப் படகில் கொண்டுவந்து மலையடிவாரத்தில் இறக்குகிறான். எகிப்தை விட்டு இஸ்ரயேல் வெளியேறியதைப் பாடும் சங்கீதத்தை அவர்கள் பாடிக்கொண்டே வருகிறார்கள். கரையேறுவதைத் தவிர இது வேறென்ன?

இப்போது 'தூய்மையக'த்துக்கு வருகிறேன். 'அகம்' சேர்ந்ததும் அது ஒரு கட்டடமாகிவிடுகிறது. ஆளை உள்ளே அனுப்பினால் யாரோ துடைத்து வெளியே விடுவார்கள் என்ற எண்ணம் வருகிறது. தாந்தேயிடம் அப்படி இல்லை. அங்கே ஆத்துமாக்கள் தாங்களே விரும்பிச் சுமக்கிறார்கள். ஆணவம் கொண்டவர்கள் பெரும் பாறைகளை முதுகில் ஏற்றி, முழங்கால் நெஞ்சில் முட்டக் குனிந்து, 'எங்கள் பிதாவே' சொல்லிக்கொண்டு நடக்கிறார்கள். பொறாமைப்பட்டவர்களின் இமைகளை இரும்புக் கம்பியால் தைத்திருக்கிறது. கோயில் வாசல் குருட்டுப் பிச்சைக்காரர்கள் போல ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தன் வேளை முடிந்ததை ஆத்துமா தன் சித்தத்தாலேயே அறிந்து எழும்புகிறது. அப்போது மலை முழுக்க அதிர்கிறது.

இதைச் சொல்ல ஒரு செய்வினை வேண்டும். நரகத்தில் 'தண்டிக்கப்படுகிறார்கள்', இங்கே 'உத்தரிக்கிறார்கள்'. இரண்டு காண்டங்களுக்கும் உள்ள வேறுபாடு இந்த இலக்கணத்திலேயே தெரிந்துவிடுகிறது. 'கழுவாய்' உயிரோடு இருப்பவர் செய்யும் பரிகாரம், அதனால் இங்கே ஒட்டாது. 'இடைநரகம்' முற்றிலும் தப்பு. நம்பிக்கையை விட்டுவிட்டு வா என்று வாசலிலேயே எழுதியிருக்கும் இடம் நரகம். இங்கே இருப்பவர்கள் எல்லாருக்கும் மோட்சம் உறுதி.

23ஆம் பாடலில் தாந்தேயின் பழைய சிநேகிதர் ஃபொரேசே வருகிறார். பெருந்தீனிக்காகப் பட்டினி கிடந்து, கண்குழிகள் கல் உதிர்ந்த மோதிரம் போல ஆகியிருக்கின்றன. முகம் அடையாளம் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் தாந்தே கண்டுகொள்கிறார். தங்கள் நிலையை விளக்கிக்கொண்டு வரும் ஃபொரேசே பாதியில் தன்னையே திருத்திக்கொள்கிறார்: வேதனை என்கிறேன், ஆறுதல் என்றல்லவா சொல்ல வேண்டும்! நாம் இங்கே செய்கிற சொல்லாராய்ச்சியை அந்த ஆத்துமாவே செய்துவிட்டது. வேதனையையும் விடுதலையையும் சேர்த்துப் பிடிக்கிற சொல் 'உத்தரிப்பு' ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

வடமொழி வேர் என்று ஒரு நண்பர் தயங்கியிருந்தார். வேர் அதுதான், சரி. ஆனால் உத்தரித்தான், உத்தரிக்கிறாள், உத்தரிப்பு என்று தமிழ் வினையாகவே அது நடமாடுகிறது. ஈழத்துப் பேச்சில் 'உத்தரிக்கிறது' என்றாலே படாத பாடு படுவதுதான். லத்தீனிலும் 'தூய்மைப்படுத்தும் நெருப்பு' என்று அடைமொழியாக இருந்ததுதான், 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓர் இடத்தின் பெயராக நிலைத்தது. நம்முடைய 'உத்தரிக்கிற' என்ற பெயரெச்சம் 'உத்தரிப்பு' ஆவதும் அதே வழிதான்.

அப்புறம், தலமா மலையா? மறைக்கல்வியில் 'உத்தரிப்புத் தலம்' இருக்கட்டும். கவிதைக்கு 'உத்தரிப்பு மலை' என்றே வைக்கலாம். தாந்தேக்கு முன்னால் பலர் அந்த இடத்தை நரகத்தை ஒட்டிய நிலவறையாக எண்ணியிருந்தார்கள். அதை எருசலேமுக்கு நேர் மறுபக்கம், தென்கடல் நடுவே, வெயில் படும் மலையாக நிமிர்த்தியவர் அவர். அந்த நிமிர்வு தலைப்பிலேயே தெரிய வேண்டும்.

மலையைச் சுற்றியுள்ள ஏழு திட்டுகளுக்கு 'வட்டம்' வேண்டாம், நரகத்துக்கு அதைக் கொடுத்தாயிற்று. மூன்று ஆள் நீள அகலத்தில் மலையைச் சுற்றிப் போகும் படி என்பதால் 'சுற்றுப்படி' என்று முன்மொழிகிறேன்.

கடைசியாக ஒன்று. வாசலில் தேவதூதன் வாள்முனையால் தாந்தேயின் நெற்றியில் ஏழு 'பி' எழுதுகிறான், பாவத்துக்கான லத்தீன் சொல்லின் முதலெழுத்து அது. முதல் சுற்றுப்படி தாண்டியதும் நடை லேசாகிறது. ஏன் என்று புரியாமல் தாந்தே விரலால் நெற்றியைத் தடவிப் பார்த்தால், ஆறுதான் மிச்சம். வழிகாட்டியாகக் கூட வரும் பழைய ரோமானியக் கவிஞர் வர்ஜில் அதைப் பார்த்துப் புன்னகைக்கிறார். தமிழில் அந்த எழுத்தை நாம் 'ப' என்றே எழுதிவிடலாம். பாவத்துக்கும் அதுதானே முதல். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.